நிற்காத நிகழ்ச்சி

ஒரு விழா நன்றாக நடந்ததா என்று யாரைக் கேட்டாலும் "பிரமாதம்" என்றுதான் சொல்வார்கள். நடத்திக் கொடுத்தவர் சொல்வார், அவருக்கு அடுத்த வேலை வேண்டும். நடத்தச் சொன்னவர் சொல்வார், இவ்வளவு செலவழித்துவிட்டு வேறெப்படிச் சொல்வது? சாப்பிட்டுக் கை கழுவுகிறவர்களும் சொல்வார்கள், கையில் ஈரம் காயும்வரையாவது நன்றி இருக்குமே. ஆகவே அந்தத் தொழிலில் பிரமாதம் என்ற சொல்லுக்குச் சல்லிக்காசு மதிப்பில்லை. உண்மை வேண்டுமென்றால் தராசக்காவிடம் போக வேண்டும்.

தராசக்கா என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். அவள் வேலை பார்ப்பது விழா நடத்திக் கொடுக்கும் கம்பெனி. ஆண்டு விழா, விருது விழா, புதுப்பொருள் அறிமுகம் என்று எவர் கூப்பிட்டாலும் மேடை, விளக்கு, ஒலி, ஆட்டம், பாட்டு எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துச் செய்யும். இந்த வேலைகளில் எதிலும் அவள் கை கிடையாது. எல்லாம் முடிந்த பிறகு, விழா தேறியதா ஊற்றிக்கொண்டதா என்று நூற்றுக்கு மார்க் போடுவதுதான் அவள் பிழைப்பு. போட்ட மார்க்கை முதலாளி கெஞ்சினாலும் மாற்ற மாட்டாள். அரை மார்க் கூட்டிப் போடச் சொல்லிக் கேட்டுப் பார்த்து, வாங்கிக் கட்டிக்கொண்டு போனவர்கள் அங்கே நிறையப் பேர்.

அரங்கத்தின் கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்துகொள்வாள். மேடையை அவள் அதிகம் பார்ப்பதில்லை. பார்க்கிறவர்களைப் பார்ப்பாள். இருட்டில் எத்தனை மடியில் கைபேசி வெளிச்சம் தெரிகிறது, பேச்சுக்கு நடுவில் எழுந்து கழிவறைக்குப் போனவர்கள் திரும்பி வருகிறார்களா அல்லது வெளியே நின்று கதையளக்கிறார்களா, கொட்டாவி எந்த வரிசையில் ஆரம்பித்து எந்த வரிசைவரை போகிறது, எல்லாம் அவள் கணக்கில் வரும். ஆனால் அவள் முழுதாக நம்பியது கைதட்டலைத்தான். அதற்கென்று சத்தத்தை அளக்கும் சின்னக் கருவி ஒன்று வைத்திருந்தாள். திரையில் ஒரு கோடு ஓடிக்கொண்டே இருக்கும், சத்தம் கூடினால் மேடாகும், குறைந்தால் பள்ளமாகும்.

கைதட்டலில் அவளுக்குத் தெரியாத ரகம் இல்லை. மரியாதைக்குத் தட்டுவது ஒன்று. அதிகாரி திரும்பிப் பார்க்கிறாரே என்று தட்டுவது ஒன்று. 'அப்பாடா, ஒருவழியாக முடித்தான்' என்று தட்டுவது ஒன்று, அதில் கொஞ்சம் உற்சாகம்கூட இருக்கும். இவை தவிர, தட்டுகிறவனுக்கே தெரியாமல் கை எழும்பித் தட்டுவது என்று ஒன்று உண்டு. அது வருவது அபூர்வம். வந்தால் அவளுக்கு மயிர்க்கூச்செறியும்.

மார்க் போடுவதில் அவள் கொண்டுவந்த சட்டங்கள் பல. அதில் பேர்போனது, நிகழ்ச்சி நின்றால் பத்து மார்க் போச்சு என்பது. ஒரு விழாவில் மைக் செத்துப்போய், சரிசெய்கிற நேரத்தில் கூட்டம் எழுந்து சாப்பாட்டுக்குப் போய்விட்டது. திரும்பி வரவேயில்லை. பரிசு வாங்க வேண்டியவர் காலி நாற்காலிகளுக்கு முன்னால் பரிசு வாங்கினார். அன்றைக்குப் போட்ட சட்டம் அது. எந்தக் காரணத்துக்காக நின்றாலும் சரி, எவ்வளவு கொஞ்ச நேரம் நின்றாலும் சரி, பத்து மார்க். மேடையில் ஒரு பக்கம் இருட்டாகக் கிடந்தால் ஐந்து. முதலாளிக்கு இந்தச் சட்டம் அப்படியே பிடித்துப்போனது. 'எங்கள் நிகழ்ச்சி நின்றதில்லை' என்று கம்பெனியின் பெயருக்குக் கீழே அச்சடித்துக்கொண்டார். மார்க் குறைந்த மறுநாள் காலையில், மேடைப் பொறுப்பாளரை எல்லோருக்கும் நடுவில் நிற்கவைத்துத் தோலை உரிப்பார்.

அந்தக் கம்பெனியில் விளக்குக் கட்டுகிற ஆட்களில் ஒருவன் அவளுடைய சொந்தத் தம்பி. அவள்தான் முதலாளியிடம் சொல்லி உள்ளே நுழைத்தாள். ஏணி இருக்க இரும்புக் குழாயைப் பிடித்தே மேலே ஏறிவிடுவான், உத்தரத்தில் ஒட்டிக்கொண்டு கிடப்பான் என்பதால் அவனுக்குப் பல்லி என்று பெயர். "அக்கா, கீழ இருந்து நீ மார்க் போடு, மேல இருந்து நான் மார்க் போடறேன்" என்பான். மேலே இருந்தால் யாருக்கு வழுக்கை, யார் தூங்குகிறார்கள் என்பதெல்லாம் அவனுக்குத்தான் நன்றாகத் தெரியுமாம். கல்யாணமாகி, ஒரு கைக்குழந்தையும் இருந்தது. அவன் பெண்டாட்டிக்கு அவன் ஏறுவது மட்டும் பிடிக்காது. "அண்ணி, நீங்க சேர்த்துவிட்ட வேலை, நீங்கதான் பார்த்துக்கணும்" என்று பாதி விளையாட்டாகச் சொல்வாள். தராசக்காவும் பாதி விளையாட்டாகத் தலையாட்டுவாள்.

மெத்தைக் கம்பெனி ஒன்றின் வெள்ளி விழா வந்தது. பெரிய இடம், பெரிய அரங்கம். மேடையின் முன்பக்கம் முழுக்க மெத்தைகளைப் படிக்கட்டுபோல அடுக்கியிருந்தார்கள். ஒற்றை மெத்தை, இரட்டை மெத்தை, முதுகுவலிக்காரர் மெத்தை என்று வகைவகையாக. யாராவது தடுக்கி விழுந்தால் தூங்கிப்போவார்கள் போலிருந்தது. மேடையின் பின்பக்கத்தை உயரமான வெள்ளைத் துணி ஒன்றும் அதை ஒட்டிக் கறுப்புத் திரை ஒன்றும் மறைத்திருந்தன. கறுப்புத் திரைக்குப் பின்னால் வெறும் சிமெண்ட் தரை.

நடனம் பாதியில் இருந்தது. வெள்ளை உடுப்பில் பெண்கள் தூக்கத்தில் நடக்கிறவர்களைப்போல ஆடிக்கொண்டிருந்தார்கள். பின்பக்கத்து விளக்கு ஒன்று எரியவில்லை. மேடையின் ஒரு மூலை இருட்டாகக் கிடந்ததைத் தராசக்கா பார்த்தாள், 'ஐந்து மார்க்' என்று மனசுக்குள் கழித்துக்கொண்டாள். முன் வரிசைகளில் கைபேசி வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது. கொட்டாவியும் புறப்பட்டுவிட்டது. அந்த இடத்தில் விழா கவிழப் பார்க்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

அப்போதுதான் அது நடந்தது. இருட்டுக் கிடந்த மூலையில் பளீரென்று விளக்கு எரிந்தது. எரிந்த வேகத்தில் அது அறுந்து ஊஞ்சலாடியது. வெளிச்சம் கூட்டத்தின் தலைக்குமேல் அரங்கத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வீசிப் போய்வந்தது. இடி இறங்கினாற்போல் ஒரு சத்தம். கறுப்புத் திரை அப்படியே தொங்க, வெள்ளைத் துணி முழுசும் மேலேயிருந்து கழன்று, காற்றை வாங்கிக்கொண்டு மெதுவாக, வெகு மெதுவாக ஆடுகிறவர்கள்மேல் இறங்கியது. அவர்கள் நிற்கவில்லை. எது நடந்தாலும் ஆட்டத்தை நிறுத்தக்கூடாது என்று பழக்கப்பட்டவர்கள், துணிக்கு அடியிலும் கைகளைத் தூக்கி ஆடினார்கள். பாட்டின் சத்தத்தை யாரோ சட்டென்று ஏற்றிவிட்டார்கள்.

அரங்கம் ஒரு கணம் மூச்சுவிடவில்லை. பிறகு வெடித்தது. எழுந்து நின்று தட்டினார்கள். விசிலடித்தார்கள். கைபேசியைக் கீழே போட்டுவிட்டுத் தட்டினார்கள். தட்டுகிறவனுக்கே தெரியாமல் கை எழும்பித் தட்டுகிற அந்த ரகம். கருவியில் ஓடிய கோடு மேலே ஏறி, அவள் இத்தனை வருஷத்தில் பார்த்திராத உயரத்தில் போய் நின்றது. தராசக்காவுக்குச் சிலிர்த்துவிட்டது. தன் வேலையை மறந்து அவளும் தட்டினாள். பாவி, நன்றாகத் தட்டினாள். விளக்கில் ஏதோ வித்தை செய்திருக்கிறார்கள், சொல்லாமல் கொள்ளாமல் நம் தம்பிதான் செய்திருப்பான் என்று அவளுக்குள் பெருமை பொங்கியது.

அதற்குப் பிறகு மெத்தைக் கம்பெனித் தலைவர் பேசினார். நல்ல தூக்கம்தான் நல்ல வாழ்க்கை என்று ஆரம்பித்து, தான் சின்ன வயதில் பாயில் படுத்த கதைக்கு வந்து, வாடிக்கையாளர்களின் முதுகெலும்புதான் தன் கம்பெனியின் முதுகெலும்பு என்று முடித்தார். கூட்டம் சிரித்தது. பிறகு நன்றியுரை. நன்றி சொல்ல ஆள் மிச்சமில்லை என்கிற அளவுக்கு நன்றி சொன்னார்கள். தராசக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தம்பியிடம் போய், 'டேய், நம்ம கம்பெனியிலேயே இதுதான்டா உச்சம்' என்று சொல்ல வேண்டும்.

கருவியைக் கையில் பிடித்துக்கொண்டே மேடைக்குப் பின்னால் ஓடினாள்.

சாமான் ஏற்றுகிற கதவுக்குப் பக்கத்தில் ஒலிப்பெட்டிகளைச் சுற்றிக் கட்டுகிற முரட்டுப் போர்வையை விரித்து, அதில் தம்பியைப் படுக்க வைத்திருந்தார்கள். கண் திறந்திருந்தது. ஒரு கால் இருக்க வேண்டிய திசையில் இல்லை. உடன் வேலை செய்கிற ஒருவன் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து முகத்தை அட்டையால் விசிறிக்கொண்டிருந்தான்.

"ஆம்புலன்ஸ் எங்க?" என்றாள்.

"வந்துட்டே இருக்கு. விருந்தாளிங்க கார் எல்லாம் போனப்புறம் பின்கேட் வழியா வரச் சொல்லியிருக்கேன்" என்றான் மேடைப் பொறுப்பாளர். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"எப்ப விழுந்தான்?"

மேடைப் பொறுப்பாளர் அவள் கையிலிருந்த கருவியைப் பார்த்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்த கருவி சுட்டது.

"அப்பவே ஏன்யா நிறுத்தல? அந்த ஆள் முதுகெலும்பைப் பத்திப் பேசிட்டு இருந்தப்போ இவன் இங்கயா கிடந்தான்? நீயெல்லாம் மனுஷனா?"

மேடைப் பொறுப்பாளர் கெட்டவன் இல்லை. அழுகிற மாதிரிதான் நின்றான். அதனால்தான் அவன் சொன்னது அவளை அப்படிக் குத்தியது.

"விளக்கு கட்டின குழாயைக் கீழ இறக்கித்தான்கா மாத்தணும். இறக்கணும்னா நிகழ்ச்சியை நிறுத்தணும். நிறுத்தினா நீங்க பத்து மார்க் குறைப்பீங்க. இருட்டாவே விட்டா அஞ்சு குறைப்பீங்க. நான்தான் அவனை மேல ஏறிப் பாருடான்னு சொன்னேன். விழுந்தப்புறம் நிறுத்தலாம்னு கையைத் தூக்கினேன்கா, சத்தியமா தூக்கினேன். ஜனம் எழுந்து நின்னு தட்டிட்டு இருந்துச்சு. எப்படி நிறுத்தறது?"

உலகத்தில் யாரை வேண்டுமானாலும் திட்டியிருக்கலாம், அந்தச் சட்டத்தைப் போட்டவளை எந்த வாயால் திட்டுவது?

ஆஸ்பத்திரியில் உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். இடுப்பும் முதுகும் போயிருந்தன. நடப்பது கடவுள் சித்தம், ஏறுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். பார்வையாளர் நேரத்தில் அவள் போய்த் தலைமாட்டில் நின்றபோது, தம்பி கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"எவ்ளோக்கா மார்க்கு?"

"பேசாம படுடா."

"நிறையக் கை தட்டினாங்கல்ல? எனக்குக் கேட்டுச்சு. கீழ கிடந்து கத்தினேன்கா. நான் கத்தினது எனக்கே கேக்கல. அப்படி ஒரு கைதட்டல்." சிரிக்கப் பார்த்தான். வலித்ததால் பாதியில் விட்டுவிட்டான். "சினிமாக்காரன் வந்தாக்கூட அப்படித் தட்ட மாட்டாங்க."

அவள் சுவரைப் பார்த்தபடி நின்றாள். தானும் தட்டியதை அவனிடம் சொல்லவில்லை.

வராந்தாவில் தம்பி பெண்டாட்டி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். முதலாளி வந்துவிட்டுப் போயிருந்தார். ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். பழங்கள் வாங்கி வந்திருந்தாராம். போகும்போது அவளுடைய அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, 'விழா எல்லாம் முடிஞ்சு ஆளுங்க போனப்புறம், யாரும் சொல்லாமலே விளையாட்டா ஏறியிருக்கான். நல்ல பையன், என்ன பண்றது, வால்தனம்' என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனாராம்.

"எங்கப்பா அதை அப்படியே நம்பிட்டார் அண்ணி. வந்தவங்க போறவங்க எல்லார்கிட்டயும், பொறுப்பில்லாத பய, குழந்தை இருக்கேன்னு நினைச்சானான்னு சொல்லிட்டு இருக்கார். இவர் காதுபடவே." அவள் அழவில்லை. அழுது முடித்த முகம். "எனக்கு அவங்க பழம் வேண்டாம். வேலை பார்க்கும்போது விழுந்தார், அவங்க சொல்லித்தான் ஏறினார், விழுந்தப்புறம் நிறுத்தியிருக்கணும், தப்புதான்னு யாராவது ஒருத்தர் நாலு பேர் முன்னாடி சொல்லட்டும். அது போதும். உங்க பேச்சைத்தானே அங்க எல்லாரும் கேப்பாங்க? நீங்க சொல்லுங்க அண்ணி."

"சொல்றேன்" என்றாள் தராசக்கா.

எல்லா விழாவுக்குப் பிறகும் அலுவலகத்தில் ஒரு கூட்டம் நடக்கும். விழா நடத்தச் சொன்ன கம்பெனியிலிருந்து ஆள் வருவார்கள், தராசக்கா தன் அளவுகளைத் திரையில் போட்டுக் காட்டி, எங்கே ஏறியது எங்கே இறங்கியது என்று சொல்வாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவர்கள் அடுத்த வருஷத்தையும் தருவதா என்று முடிவு செய்வார்கள். மெத்தைக் கம்பெனிக் கூட்டத்துக்கு முதல் நாள் முதலாளி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உன் தம்பி எனக்கும் தம்பிதான். கடைசிவரைக்கும் நான் பார்த்துக்கறேன். ஆனா நாளைக்கு அவங்க முன்னாடி அந்தப் பேச்சு வேண்டாம்மா. விழா நடுவுல ஆள் விழுந்தான்னு தெரிஞ்சா நம்மளை எவன் கூப்பிடுவான்? கம்பெனி போச்சுன்னா அவனை யார் பார்த்துக்கறது, சொல்லு?"

பூசி மெழுகுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதில் கொஞ்சம் நியாயமும் இருப்பதுபோலத் தெரிந்ததுதான் கொடுமை. அவள் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, மார்க் போடும் சட்டங்களைத் திறந்து, நிகழ்ச்சி நின்றால் பத்து என்ற வரியை அழித்தாள். அழித்த பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கூட்ட அறையில் நீள மேசை, குளிர்ந்த காற்று, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். மெத்தைக் கம்பெனியின் விளம்பரப் பிரிவுத் தலைவி வந்திருந்தார். படபடவென்று பேசுகிற, சிரித்த முகமுள்ள அம்மாள். முதலாளி அவருக்கு எதிரே. மேடைப் பொறுப்பாளர் கதவோரம், தப்பி ஓடத் தோதான நாற்காலியில். தராசக்கா கைதட்டல் கோட்டைத் திரையில் போட்டாள். சின்னச் சின்ன மேடுகள், பள்ளங்கள், நடுவில் ஒரே ஒரு சிகரம்.

அம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இது! இதைத்தான் கேக்கணும்னு இருந்தேன். எங்க சேர்மன் வீட்ல இன்னும் இதைத்தான் பேசிட்டு இருக்காங்க. அந்த லைட்டு ஊஞ்சல் மாதிரி ஆடி, துணி அப்படியே இறங்குச்சே! எப்படிப் பண்ணீங்க? அடுத்த வருஷமும் இது கண்டிப்பா வேணும். முடிஞ்சா ரெண்டு தடவை வெச்சிடுங்க."

முதலாளி சிரித்தார். "அது எங்க தொழில் ரகசியம்மா" என்றார்.

தராசக்கா எழுந்து திரையில் அந்தச் சிகரத்தின்மேல் விரலை வைத்தாள்.

"ரகசியம் ஒண்ணும் இல்ல" என்றாள். "அது என் தம்பி விழுந்த சத்தம். விளக்கு எரியலன்னு ஓடற நிகழ்ச்சியில அவனை மேல ஏத்தினாங்க. நிறுத்திட்டு, குழாயை இறக்கி மாத்தியிருக்கணும். நிறுத்தல. உங்களோட வந்தவங்க கை தட்டினப்போ கறுப்புத் திரைக்குப் பின்னால சிமெண்ட் தரையில கிடந்தான். உங்க சேர்மன் பேசி முடிக்கிற வரைக்கும், நன்றி சொல்லி முடிக்கிற வரைக்கும் கிடந்தான். இனிமே அவன் நடப்பானான்னு தெரியல. நிறுத்தியிருக்கணும். நிறுத்தாதது தப்பு. நிறுத்தினா மார்க் போயிடும்னு சட்டம் போட்டது நான். அதுவும் தப்பு."

மேடைப் பொறுப்பாளர் தலையைக் குனிந்துகொண்டான். முதலாளியின் முகம் சுண்டிப்போனது. எதற்கும் அசையாத அந்த மனுஷர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். சொல்லிவிட்டோம், தம்பி பெண்டாட்டிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்று தராசக்காவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இனி கம்பெனி மூழ்கினாலும் மூழ்கட்டும்.

அம்மாள் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்கூடக் கலங்கியது. "ஐயையோ" என்றார். "பாவம். பாவம்ங்க." கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அங்க வந்திருந்தவங்க யாருக்கும் இது தெரியாதுல்ல?"

"தெரியாது" என்றாள் தராசக்கா.

"ஒருத்தருக்குக்கூட?"

"எனக்கே தெரியாது."

அம்மாள் பெருமூச்சு விட்டார். அந்த மூச்சில் இருந்தது என்ன ரகம் என்று தராசக்காவுக்குத் தெரியும். அப்பாடா ரகம். முதலாளியின் பக்கம் திரும்பினார்.

"இப்படி ஒண்ணு நடந்தும் நிகழ்ச்சி நிக்கலையா? எங்க யாருக்கும் தெரியவே இல்லையே சார்! நாங்க இதுக்கு முன்னாடி ஒருத்தர்கிட்டக் குடுத்தோம், கரண்ட் போனதுக்கே கூட்டத்தைக் கலைச்சிட்டாங்க. நீங்கதான் சார் சரி. அடுத்த வருஷமும் நீங்களே பண்ணுங்க. அந்தப் பையனுக்கு எங்க சார்பா ஏதாவது செய்யணும் சார், கண்டிப்பா செய்யணும். நல்ல மெத்தையா ஒண்ணு அனுப்பறேன்."

முதலாளியின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததைத் தராசக்கா கண்ணெதிரே பார்த்தாள். பாட்டிலைத் திறந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். "எங்க கம்பெனியோட கொள்கையே அதுதான்மா" என்றார். அவர் குரல் தழுதழுத்தது, உண்மையாகவே. "ஆள் விழலாம், நிகழ்ச்சி நிக்கக்கூடாது. அந்தப் பையனும் அதைத்தான் விரும்பியிருப்பான்."

அன்றோடு வால்தனக் கதையை முதலாளி தலைமுழுகிவிட்டார். விழா முடிந்த பிறகு விளையாட்டாக ஏறினான் என்று சொன்ன அதே வாய், போகிற இடமெல்லாம் விழா நடுவில்தான் விழுந்தான் என்று சொல்லத் தொடங்கியது. புதிதாக யார் வந்தாலும் அந்தக் கோட்டைத் திரையில் போடுவார், சிகரத்தின்மேல் விரலை வைப்பார். "இந்த இடத்துல எங்க ஆள் ஒருத்தன் விழுந்தான் சார். பாருங்க, கைதட்டல் குறைஞ்சிருக்கா? ஏறியிருக்கு!" வந்தவர்கள் மூக்கில் விரல் வைப்பார்கள். அவள் அழித்த சட்டத்தைத் திரும்ப எழுதச் சொன்னார். பத்து இல்லை, இனி இருபது.

அவள் எழுதிக் கொடுத்தாள். ராஜினாமாவை மனசுக்குள் பல தடவை எழுதியவள், வெளியில் இதைத்தான் எழுதினாள். தம்பியின் சிகிச்சை முதலாளியின் கையில் இருந்தது. அவரும் சொன்ன சொல் தவறாமல் பார்த்துக்கொண்டார். அவர் மட்டும் ஏமாற்றியிருந்தால் அவரை வாயாரத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம், அந்தப் பாக்கியமும் அவளுக்கு இல்லை.

தம்பி பெண்டாட்டி கேட்டாள். "சொன்னீங்களா அண்ணி?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

தராசக்கா குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். அதன் சட்டைப் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், போட்டாள். "பாராட்டினாங்க" என்றாள்.

அடுத்த வருஷமும் அதே அரங்கம், அதே மெத்தைகள், முன்னைவிடக் கொஞ்சம் தடிமனாக. நிகழ்ச்சியின் நடுவில் விளக்குகளை அணைத்து, ஒரே ஒரு வெளிச்சத்தில் தம்பியைச் சக்கர நாற்காலியில் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். தள்ளிக்கொண்டு வந்தவன் மேடைப் பொறுப்பாளர். முதலாளி மைக்கைப் பிடித்து, 'தான் விழுந்தும் விழாவைக் காத்தவர்' என்றார். மெத்தைக் கம்பெனித் தலைவர் மேடைக்கு ஏறி வந்து தம்பியின் தோளில் கைவைத்து, முதுகுவலிக்காரர் மெத்தை ஒன்றைப் பரிசாக அறிவித்தார். கூட்டம் எழுந்து நின்று தட்டியது.

தராசக்கா கடைசி வரிசையில் இருந்தாள். பக்கத்தில் தம்பி பெண்டாட்டி. எல்லோரும் எழுந்தபோது அந்தப் பெண் எழவில்லை. இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டு, முன்னால் நிற்கிறவர்களின் முதுகுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கோடு ஏறியது. தராசக்கா அதையே பார்த்தாள். மரியாதை ரகம், கொஞ்சம் இரக்கம் கலந்தது. பாதி உயரம்கூட ஏறாமல் இறங்கிவிட்டது.

விழா முடிந்து பின்னால் போனாள். சாமான் ஏற்றுகிற கதவுக்குப் பக்கத்தில் தம்பி நாற்காலியில் இருந்தான். அவனுக்குப் பின்னால், சுவரில் சாய்த்துவைத்த பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தை. அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே வேறொருவன் குழாயைப் பிடித்துக்கொண்டு விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"எவ்ளோக்கா வந்துச்சு?" என்றான். கண்ணில் பழைய குறும்பு கொஞ்சம் இருந்தது. "போன வருஷத்தைத் தாண்டுச்சா?"

இத்தனை வருஷத்தில் யாருக்காகவும் அரை மார்க் கூட்டிச் சொல்லாதவள், கருவியைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டாள்.

"தாண்டிடுச்சுடா" என்றாள்.

"பொய் சொல்லாதக்கா" என்றான். "அன்னைக்கு நான் கத்தினது எனக்கே கேக்கல. இன்னைக்குக் கதவுகிட்ட ஒருத்தன் தும்மினதுகூடக் கேட்டுச்சு."